பதினோரு ரோஜாக்கள்

“சனோபர் அக்கா, இது என்ன?”

“பூ.”

“பூவுக்கு எதுக்கு நாலு காலு?”

“காம்பு.”

“வாலு?”

“எல. காத்துல ஆடுது.”

தர்காவைப் பார்த்துக்கொள்ளும் மஷ்தி யதுல்லா தறிக்கு முன்னால் குந்தி, மூக்கு நூலில் உரச உற்றுப் பார்த்தார். சனோபர் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

இலையுதிர் காலத்தில் அவள் கணவர் கைருல்லா அக்ரூட் மரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அவர் எழுந்து நடந்தால் தர்காவுக்குப் பூப்போட்ட தொழுகைக் கம்பளம் தருவதாக நேர்ந்துகொண்டாள். நடந்துவிட்டார். ஹமதான் நகரைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் தாளில் வரைந்து வைத்து நெய்வதில்லை. மனதில் ஓடுவது விரலில் இறங்கும். சனோபரின் மனதில் அவள் வளர்க்கும் ஆடுகள் ஓடின. ஏழு மாதத்தில் பதினொன்றும் கம்பளத்துக்குள் மேயப் போய்விட்டன.

“இதுல எப்படிக்கா தொழறது? நெத்தி வைக்கிற எடத்துல நின்னு ஒண்ணு மொறைக்குது.”

“நெத்திக்கு அடியில வைக்கிற தொழுகைக் கல்ல அது மூஞ்சி மேல வச்சிருங்க.”

“மத்த பத்து? உசுருள்ளதோட உருவம் இருந்தா தர்காவுல விரிக்க முடியாதுக்கா.”

உள்ளேயிருந்து கைருல்லா கத்தினார். “நேர்ச்சைய ஏத்துக்கலன்னா என் காலு என்ன ஆகும், புள்ள? இப்பவே சுள்ளுங்குது.”

“முந்தாநேத்து கல்யாணத்துல குதிச்சீங்களே, அப்ப சுள்ளுங்கலையா?”

சொல்லிவிட்டாள். ஆனால் கை நின்றுவிட்டது. கைருல்லாவைக் கழுதைமேல் போட்டுக் கொண்டுவந்த நாளில்தான் கடைசியாக அது அப்படி நின்றது.

“மஷ்தி, தல இல்லன்னா அது உருவமா?”

யதுல்லா தாடியைத் தடவினார். “தல இல்லன்னா... உருவத்துல சேராது.”

நான்கு நாள் ஆயிற்று. தலைகளைக் கத்திமுனையால் பிரித்தெடுத்து, அங்கெல்லாம் ஊசியால் சிவப்பு ரோஜா போட்டாள். மீதியிருந்த ஒரு சாண் நீளத்தையும் நெய்து முடித்தாள். வியாழக்கிழமை யதுல்லா வந்தார்.

“இந்த ரோஜாவுக்கு மட்டும் தாடி இருக்கே?”

“முள்ளு.”

நெடுநேரம் பார்த்தார். “ரோஜான்னா முள்ளு இருக்கத்தான் செய்யும்” என்று எழுந்தார்.

மறுநாள் காலை கம்பளத்தைத் தறியிலிருந்து அறுத்தார்கள். தர்காவில் விரித்தார்கள். மூன்று பேர் அதில் தொழுதார்கள். நடுவில் கைருல்லா. அவர் மண்டியிட்டார், எழுந்தார். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து சனோபர் பார்த்தாள். பிறகு எல்லோரும் தேநீர் குடித்தார்கள். மதியம் மழை பெய்தது.