பக்கம் நூற்று நாற்பத்து மூன்று

கைரா ஊரைவிட்டுப் போனது மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை. அன்று காலை மொன்ஜியா தர்ராஸ் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, மடியில் பட்டாணியை உரித்துக்கொண்டே ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வீட்டு அரபியில், பிறகு பிரெஞ்சில், மறுபடி அரபியில். இரண்டிலும் ஒரே மூச்சில் முடிந்தால்தான் எழுந்து போய் எழுதுவார். முடியாவிட்டால் இன்னொரு கைப்பிடி பட்டாணி. அந்த வீட்டிலிருந்து நாலு நாள் சேர்ந்தாற்போல் பட்டாணிக் குழம்பு வாசம் வந்தால், நாவல் எங்கோ சிக்கிக்கொண்டது என்று படிக்கட்டு முழுவதற்கும் தெரியும்.

மேல்மாடியிலிருந்து ஏதோ கனமான பொருள் படிப்படியாக இறங்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தார். கயிறு கட்டிய இரண்டு பைகளோடு ஹவாரியா நின்றாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய அம்மா கைரா, தையல் இயந்திரத்தின் தலைப்பாகத்தைக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு இறங்கினார். எங்கே என்று மொன்ஜியா கேட்டதற்கு, ஊருக்கு என்று பதில் வந்தது. ஒன்பது வருஷமாக அக்கா என்று கூப்பிட்ட வாய் அன்று மதாம் என்றது.

"உங்களுக்கு நல்ல மனசு மதாம். எம் புருஷனை மெத்தையில படுக்க வச்சு, கம்பளியும் போத்தி அனுப்பி வச்சீங்களே. நான்கூட அவ்வளவு செய்யல."

ஹவாரியா சுவரைப் பார்த்தாள். கீழே வாடகை வேன்காரர் எட்டாவது ஆளுக்காகக் கூவிக்கொண்டிருந்தார். மொன்ஜியா பட்டாணித் தோலும் கையுமாக அவர்கள் பின்னால் தெருவரை ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் எட்டாவது ஆள் கிடைத்து, வேன் கிளம்பிவிட்டது.

மொன்ஜியாவுக்கு இப்போது அறுபத்துநாலு வயது. குட்டையான உருவம், கழுத்தில் இரண்டு கண்ணாடிகள் தொங்கும், தேவைப்படும் கண்ணாடி மட்டும் எப்போதும் வேறெங்கோ இருக்கும். துனிஸுக்கு வடக்கே, பிஸெர்த் ஊரின் பழைய துறைமுகத்துக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் வீடு. முன்னறையில் ஒரு மேசை. அதில் அவர் நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, விவாகரத்துத் தீர்ப்பு எதுவானாலும் அரபியிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றி, மூலத்துக்கு மாறுபாடில்லை என்று முத்திரை குத்திக் கொடுப்பார். பின்னறையில் மேசை கிடையாது, இஸ்திரிப் பலகைதான். வீணாய்ப்போன படிவங்களின் பின்பக்கத்தில், நின்றுகொண்டே, நாலு நாவல் எழுதியிருக்கிறார். உட்கார்ந்து எழுதினால் வாக்கியமும் உட்கார்ந்துவிடும் என்பார்.

விசாவுக்கு அலைகிறவர்கள் சிலர் வயதைக் கொஞ்சம் குறைத்து எழுதச் சொல்லி நயமாகக் கேட்பார்கள். பிரெஞ்சில் யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர்கள் கட்சி.

"பொய் வேணும்னா உள்ள இஸ்திரிப் பலகை இருக்கு" என்பார் மொன்ஜியா. "அதுமேல எழுதித் தர்றேன், முந்நூறு பக்கம் வரும். இந்த மேசையில ஒரு நாள்கூட மாத்த மாட்டேன்."

துனிஸ் நகரத்திலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர், ஏன் பிரெஞ்சில் எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பெரிய பதிலுக்குக் காத்திருந்தார். "பேச வீட்டுல கத்துக் குடுத்தாங்க, எழுதப் பள்ளிக்கூடத்துல கத்துக் குடுத்தாங்க. நடுவுல ஒரு மாடிப்படி. நான் அதுல ஏறி எறங்கிட்டிருக்கேன், அவ்வளவுதான்" என்று சொல்லி அவருக்கும் ஒரு தட்டுப் பட்டாணி வைத்தார்.

ஊரில் நாவலை முழுதாகப் படித்தவர்கள் கொஞ்சப் பேர். படித்தவர்களும் தங்களைத் தேடித்தான் படிப்பார்கள். இரண்டாவது நாவலில் வந்த ஒரு மூக்கு தன்னுடையதுதான் என்று சித்தப்பா மகள் இரண்டு பெருநாள் பேசாமல் இருந்து, மூன்றாவது பெருநாளுக்குத் தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்தாள். இப்படிப்பட்ட கோபங்களைத் தொழிலோடு சேர்ந்த சளி இருமல்போல மொன்ஜியா எடுத்துக்கொள்வார்.

அவருக்குக் கர்வம் ஒரே ஒரு விஷயத்தில்தான் உண்டு. எதன் பெயரைச் சொல்ல ஜனங்கள் அஞ்சுகிறார்களோ, அதற்கு அவர்கள் வைக்கும் மாற்றுப்பெயர்கள். பிஸெர்த்தில் கரிக்கடைக்குப் போய்க் கரி வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, கறுப்பு அபசகுனம் என்று ‘வெள்ளை’ இரண்டு கிலோ என்பார்கள். முதல் நாவலில் ஒரு பெண் இப்படி வெள்ளை வாங்கினாள். பாரிஸிலிருந்த பதிப்பாசிரியர் அது மாவு என்று நினைத்துத் திருத்தப் போக, மொன்ஜியா தொலைபேசியில் அரை மணி நேரம் சண்டை போட்டு வெள்ளையைக் காப்பாற்றினார். இத்தகைய வார்த்தைகளை ஒரு பள்ளிக்கூட நோட்டில் சேர்த்து வைத்திருக்கிறார். நோட்டு முடியும் நிலையில் இருந்தது. இனி இந்தக் கடற்கரையில் தனக்குத் தெரியாத மாற்றுப்பெயர் இல்லை என்று நம்பியிருந்தார்.

கைரா மேல்மாடி வீட்டுக்கு வந்தது தொண்ணூற்று நாலில். சொந்த ஊர் அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியில், தியாரத் பக்கம். கணவர் பூஸியான், காகிதம் செய்ய ஏற்றுமதியாகும் அல்ஃபா புல் அடுக்கும் கிடங்கில் சுமை தூக்கியவர். அவர் இறந்தபிறகு கைரா மகளை இழுத்துக்கொண்டு மேல்மாடியில் இருந்த தங்கையிடம் வந்து, ஒரு துணி ஆலைக்காக வீட்டிலிருந்தே பொத்தான் துளை தைத்தார். வந்த புதிதில் அவருடைய மேற்கத்திப் பேச்சைக் கேட்டுக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். மூன்றே மாதத்தில் பிஸெர்த்காரி மாதிரிப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார். மொன்ஜியாவோடு பழக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மத்தியான வேளைகளில் மொன்ஜியா மேலே போய் நூல் வெட்டிக் கொடுப்பார். கைரா ஊரைப் பற்றி நிறையப் பேசுவார், கணவரைப் பற்றி மட்டும் பேசமாட்டார். ஒரே ஒரு முறை, தையலை நிறுத்தாமல், இவ்வளவு சொன்னார்:

"பூஸியான் ஆஃபியாவுல போனாரு அக்கா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பின்னாடி ஒரு காகிதம் கொண்டாந்து பெருவிரல வைன்னாங்க. நான் வைக்கல."

பிஸெர்த்தில் ஆஃபியா என்றால் நலம், நிம்மதி. காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்குச் சொல்லும் வார்த்தை. நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று மொன்ஜியா எடுத்துக்கொண்டார். காகிதத்தில் என்ன இருந்தது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் பேச்சு நின்றுவிடும் என்று அடக்கிக்கொண்டார். கீழே வந்ததும் அந்த நாலு வரியையும் ஒரு படிவத்தின் பின்பக்கம் எழுதி வைத்தார்.

‘பொத்தான் துளை’ என்ற மூன்றாவது நாவல் முளைத்தது அதிலிருந்துதான். அதில் ஒரு சுமைதூக்கி, மனைவி வருவதற்குள், தன் மெத்தையில் கண்ணயர்ந்தபடியே இறந்துபோகிறார். அதிகாரிகள் இறப்புக் காகிதத்தை நீட்டுகிறார்கள். அவள் கைநாட்டு வைக்க மறுக்கிறாள். வைத்துவிட்டால் அவர் இறந்தது உண்மையாகிவிடுமே என்ற பித்து அவளுக்கு. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் தொடங்கும் அந்த ஆறு பக்கத்தைப் பாரிஸ் பத்திரிகைகள் புகழ்ந்தன. மொன்ஜியா ஒரு பிரதியில் கைரா பெயரை எழுதி, அவரே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். தாதியர் பயிற்சியில் இருந்த ஹவாரியா, மாலையில் வந்து அம்மாவுக்கு வரிவரியாக அரபியில் சொல்லிக்கொண்டு வந்தாள். நாலாவது நாள் அந்தப் பக்கம் வந்தது. ஐந்தாவது நாள் வியாழக்கிழமை.

தன்னைப் புத்தகத்தில் ஏற்றியதற்குத்தான் கோபம் என்று மொன்ஜியா நினைத்தார். மெத்தை, கம்பளி என்று கைரா ஏன் சொன்னார் என்பது மட்டும் பிடிபடவில்லை. இரண்டு பெருநாள் காத்திருந்தார். பிறகு எட்டு வருஷம் ஆனது. கைராவின் தங்கையும் வீட்டை விற்றுவிட்டுப் போனார்.

அந்த வீட்டை வாங்கியவர்கள் கூரைக்குச் சுண்ணச் சித்திர வேலை செய்ய மொராக்கோவிலிருந்து இத்ரீஸ் என்ற ஆளைக் கொண்டுவந்தார்கள். ஒரு மத்தியானம் அவர் தலையெல்லாம் வெள்ளைப் பொடியோடு வந்து மொன்ஜியாவின் கதவைத் தட்டினார்.

"அக்கா, கொஞ்சம் ஆஃபியா கிடைக்குமா?"

இவ்வளவு மரியாதையான பிள்ளையை மொன்ஜியா சமீபத்தில் பார்க்கவில்லை. "ஆண்டவன் உனக்கும் குடுப்பான் தம்பி, உன் பிள்ளைகுட்டிக்கும் குடுப்பான்" என்றார்.

இத்ரீஸ் நகரவில்லை. நன்றி சொல்லிவிட்டு அப்படியே நின்றார். மொன்ஜியா மறுபடி வாழ்த்தினார். இந்த முறை இத்ரீஸின் அம்மா அப்பாவையும் சேர்த்துக்கொண்டார்.

"வாழ்த்து போதும்க்கா, வயிறு நெறஞ்சிருச்சு" என்று இத்ரீஸ் முதுகுக்குப் பின்னாலிருந்து தேநீர்க் கெண்டியை எடுத்துக் காட்டினார். "இதுக்கு அடியில வைக்கத்தான் கேட்டேன். மேல கேஸ் தீந்துபோச்சு."

நெருப்பு என்று சொன்னால் நெருப்பு வந்துவிடும் என்று பயந்து, நலம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள் மேற்கே உள்ளவர்கள். மொராக்கோவில் மட்டுமா என்று மொன்ஜியா கேட்டார். இல்லை, அல்ஜீரியாவின் மேற்குப் பக்கத்திலும் அப்படித்தான், ஓரான், தியாரத் எல்லாம் என்று இத்ரீஸ் சொல்லிக்கொண்டே போனார். மொன்ஜியா அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தார். கெண்டி கொதித்தது, பொங்கியது, அடுப்பு அணைந்தது. அக்கா, அக்கா என்று இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

கரிக்கும் தீக்குச்சிக்கும் பிஸெர்த் பேச்சையே பேசிய கைரா, கணவருக்கு மட்டும் சொந்த ஊர் வார்த்தையைப் போட்டிருக்கிறார். இறந்தவர் பெயரோடு நெருப்பின் பெயரைச் சேர்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தக் காகிதத்தில் என்ன இருந்திருக்கும் என்பதும் மொன்ஜியாவுக்கு இப்போது தெரிந்தது. இயற்கை மரணம் என்று இருந்திருக்கும். அதற்குத்தான் அந்தப் பெண் பெருவிரலை வைக்கவில்லை. அவள் ஒப்புக்கொள்ளாத அதே பொய்யை, அவள் சிநேகிதி ஆறு பக்கத்துக்கு அழகாக எழுதி, அவள் பெயரும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

பாரிஸ் பதிப்பகம் அதற்குள் மூடப்பட்டு, விற்காத பிரதிகள் இரண்டு பெட்டியில் வீடு வந்து கிடந்தன. மொன்ஜியா ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடித்தார். ‘பக்கம் 143, வரி 9: நிம்மதியாக என்பதை நெருப்பில் என்று வாசிக்கவும்.’ ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினார். ஊர் நூலகத்துப் பிரதியிலும் ஒட்டிக்கொண்டிருந்தபோது பொறுப்பாளர் அம்மாள் பிடித்துவிட்டார். அரசாங்கப் புத்தகத்தில் பசை தடவியதற்குத் திட்டிவிட்டு, சீட்டை வாசித்துவிட்டு, பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தையை மாத்திட்டா ஆச்சா? அடுத்த பக்கத்துல அந்த ஆளுக்குக் கம்பளி போத்துறாங்களே. நெருப்புல செத்தவனுக்கு எதுக்கு மதாம் கம்பளி?"

மொன்ஜியா வீட்டுக்கு வந்து இஸ்திரிப் பலகையை விரித்தார். ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டாணி. மெத்தை போயிற்று, கம்பளி போயிற்று, பித்தும் போயிற்று. தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும் என்று நின்றால், தெரிந்தது மிகவும் கொஞ்சம். ஒரு கிடங்கு, காய்ந்த புல், ஒரு ஆள், ஒரு வார்த்தை, மனைவி கைநாட்டு வைக்காத ஒரு காகிதம். ஆறு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. அதையே அரபியிலும் கையால் எழுதி, தன் முகவரியும் கைபேசி எண்ணும் போட்டு, தியாரத் மருத்துவமனை, தாதி ஹவாரியாவுக்கு என்று குத்துமதிப்பாக எழுதி அனுப்பினார். வேறு முகவரி எதுவும் அவரிடம் இல்லை.

பதில் வரவில்லை. நாலாவது நாவல் வந்தது. அதில் ஒவ்வொரு வார்த்தைக்கும் யாரையாவது பிடித்து விசாரித்ததில் ஏழு வருஷம் ஆயிற்று. மீன்காரர் இவரைக் கண்டாலே, இன்றைக்கு எனக்கு எந்த வார்த்தையும் தெரியாது என்று கையை விரிப்பார்.

கைரா போன பத்தொன்பதாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். மேசைக்கு எதிரே ஒரு கல்யாண மாப்பிள்ளை முத்திரைக்குக் காத்திருந்தார். கைபேசியில் அல்ஜீரிய எண்ணிலிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. முதலில் ஒரு பெண், பேசும்மா, ஓடிட்டிருக்கு என்றாள். பிறகு வயதான குரல்.

"கைரா பேசுறேன். நீ அனுப்புனது வந்து ரொம்ப நாளாச்சு. ஹவாரியா அப்பவே படிச்சுக் காட்டிட்டா. சரியாத்தான் இருந்துச்சு. அன்னைக்குப் பதில் சொல்ல மனசு வரல. இப்ப கண்ணு தெரியல, அதான் இருக்குறப்பவே சொல்லிரலாம்னு. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. கிடங்குக் கதவு அடைச்சிருந்துச்சு. அதையும் எழுது."

மொன்ஜியா மூன்று முறை கேட்டார். ஒரு படிவத்தைத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் திறந்தார். எழுதப் போனவர் நிறுத்தி, மாப்பிள்ளையைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கைபேசியை வாயருகே கொண்டுபோய்ப் பட்டனை அழுத்தினார்.

"கைரா, அடைச்சிருந்துச்சுன்னு சொல்றியே, உங்க ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்? சும்மா சாத்தியிருந்துச்சா, பூட்டியிருந்துச்சா?"