அண்ணன் இறக்கி வைத்த நான்கு ஓடுகள்

அன்புள்ள உறவின்முறையாருக்கும் சிநேகிதருக்கும்,

அண்ணன் நம்மை விட்டுக் கர்த்தரிடத்தில் சேர்ந்து ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று என் வீட்டுக்காரர் தாளும் மையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். நல்லதை எழுதுவதில்தான் எனக்குக் கஷ்டம். அண்ணன் செய்த நல்லதெல்லாம் என் தலையில்தான் வந்து விடிந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மிச்சப் படிப்பு பொட்டலம் கட்டிவந்த காகிதத்தில் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது திருத்தணியில், தண்டவாளத்துக்கும் மலைக்கும் நடுவே உள்ள எங்கள் ஓட்டு வீட்டில். நைனாவுக்கு ரயில் பாதை பார்க்கும் கூலி வேலை. அம்மா என்னைப் பெற்ற மூன்றாம் மாதம் போய்விட்டார்கள். ஏழு வயது அண்ணன் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே கந்தல் துணிப் பந்தை உதைத்து விளையாடுவாராம். பாரத்தோடு ஓடுகிற பழக்கம் அப்போதே வந்துவிட்டது என்று நைனா சொல்வார்.

மிஷன் பள்ளி மைதானத்தில் அண்ணன் ஓடுவதைப் பார்த்த அரக்கோணத்து ரயில்வே அதிகாரி ஒருவர், கையோடு அழைத்துப்போய்த் தம் கால்பந்து அணியில் சேர்த்துக்கொண்டார். பேருக்குத்தான் பட்டறை வேலை, கூலி ஆட்டத்துக்கு. பாதத்தில் துணிக்கட்டு மட்டும் போட்டுக்கொண்டு வலது ஓரத்தில் அண்ணன் கிளம்பினால், தடுக்க வந்தவன் பந்தையும் காணான், ஆளையும் காணான். பட்டணம், பெங்களூர், தங்கவயல் என்று போய் ஆடினார். போன ஊரிலெல்லாம் சால்வை போட்டார்கள். ஒரு சால்வையாவது வீடு வந்து சேர்ந்ததா? ரயிலில் எதிரே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மேல் போர்த்திவிட்டு, கிழிந்த பனியனோடு வந்து நிற்பார்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும், தெரியுமா உனக்கு?" என்று கத்துவேன்.

"அதான் நான் மிஞ்சிகீறேனே பாப்பா, போதாதா?" என்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆடிக் கிருத்திகை வந்தால்தான் எனக்குப் பொறுக்காது. அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் ஒருவர், வலது கால் சூம்பிப் போனவர், நோயில் கிடந்து பிழைத்த மகளுக்காக ஐந்து வருஷம் மலைக்குப் பூக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். முதல் வருஷம் படிக்கட்டின் அடியில் ஏற முடியாமல் அவர் உட்கார்ந்திருந்ததை அண்ணன் பார்த்துவிட்டார். காவடியை அவர் தோளில் விட்டு, அவரைத் தம் முதுகில் ஏற்றிக்கொண்டு முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினார். அடுத்த கிருத்திகைக்கு எங்கள் வாசலில் ஒன்பது பேர். "அண்ணன் கீறாராம்மா?" என்று கேட்டுக்கொண்டு முடவர், நொண்டி, மூச்சிரைப்புக்காரர். நாங்களோ வேதக்காரக் குடும்பம். போதகர் ஐயாவே வந்து கேட்டார்.

"ஏம்பா, உனக்கு அந்த மலையில என்ன வேலை?"

"ஐயா, கோயிலுக்குப் போறது அவங்க. நான் படிக்கட்டோட திரும்பிடறேன்."

போதகர் ஐயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. காலை நம்பிப் பிழைக்கிறவர் காலைத் தேய்க்கலாமா?

யுத்த காலத்தில் அரக்கோணத்துப் பக்கம் வந்திருந்த அமெரிக்கச் சிப்பாய்கள், தேங்காய் போல் நீண்ட பந்து ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி, ஒருவர் மேல் ஒருவர் விழுவார்களாம். அதற்கும் கால்பந்து என்றுதான் பேராம். அதைப் பார்த்துவிட்டு வந்து, "கிருத்திகைக்கு நான் ஆடறது அந்த ஆட்டம்தான். கீழ போடாம மேல கொண்டும்போய் வெச்சிட்டா ஜெயிச்சா மாதிரி" என்றார். இவரைத் திட்டி என்ன பயன்?

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம். கிருத்திகைக்கு மறுநாள் பட்டணத்தில் இறுதி ஆட்டம். அதில் நன்றாக ஆடினால் வேலை நிரந்தரம், தங்க வீடும் உண்டு என்று அதிகாரி சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால் பெண் கொடுக்கிறோம் என்று அரக்கோணத்தில் ஒரு குடும்பமும் காத்திருந்தது. அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயது. இதை விட்டால் வேறு ஆட்டம் இல்லை. நைனா அவரைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ மலைப் பக்கம் தலை வெச்சிப் படுக்கக் கூடாது" என்றார்.

"ஆங் நைனா" என்றார் அண்ணன். மறுநாள் காலையில் தாமே உள்ளறைக்குள் போய், "பாப்பா, வெளிய தாப்பா போட்டுடு. வாசல்ல நின்னா நான் போயிடுவேன்" என்றார். போட்டேன். நைனாவும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஈவு இரக்கம் பார்க்காமல் திருப்பி அனுப்பினேன். கடைசியாக நெசவுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். அது அவருக்கு ஐந்தாம் வருஷம். விஷயத்தைச் சொன்னேன். முகம் கோணவில்லை மனுஷர்.

"அப்படியாம்மா? அண்ணன் நல்லா ஆடட்டும். நான் கீழயே கும்பிட்டுகினு போறேன். அண்ணன் ஜெயிக்கணும்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிடறேன்" என்று கோலைத் திருப்பினார்.

கெஞ்சியிருந்தால் விரட்டியிருப்பேன். உள்ளேயிருந்து அண்ணன் ஒரு குரல் கொடுத்திருந்தாலும் அதட்டியிருப்பேன். இரண்டுமில்லை. காவடி ஒரு பக்கம் சாய அவர் தெருவில் இறங்கி நடப்பதைப் பார்த்தேன். என் கை போய்த் தாழ்ப்பாளை நீக்கியது.

"ஒரே ஆள்தான். ஏத்திவிட்டு ஓடி வந்துடு" என்றேன்.

ஏற்றிவிட்டு இறங்கும்போது, நசுங்கிக் கிடந்த வாழைப்பழத்தில் கால் வைத்தார். யானைக்கும் அடி சறுக்கும். முழங்கால் பலாக்காய் போல் வீங்கிப் போயிற்று. பட்டணத்தில் அந்தக் காலை இழுத்துக்கொண்டே ஆடினார். அணி தோற்றது. வேலை வேறொருவருக்குப் போயிற்று. பெண்ணையும் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

உறவினர்களே, அண்ணன் கூரையைப் பிரித்துக்கொண்டு ஓடினார் என்றுதானே இத்தனை நாளும் பேசிக்கொண்டீர்கள்? துக்க வீட்டில்கூட அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. அண்ணன் ஓடவில்லை. கதவைத் திறந்தவள் நான்.

மலையிலிருந்து நொண்டிக்கொண்டு வந்த அண்ணன், நைனா வேலையிலிருந்து திரும்புமுன் அந்த வீங்கின காலோடு பரண் மேல் ஏறி நான்கு ஓடுகளை இறக்கி வைத்தார். "நான் சொல்லிடறேண்ணா" என்று அழுதேன்.

"சும்மா இரு. எனக்குத் திட்டு பழகிப்போச்சி. உனக்குப் பழக்கமில்ல" என்றார்.

பெற்றவன் பேச்சை மிதித்தவன் என்று நைனா அதற்குப் பின் கண்மூடும் வரைக்கும் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நைனாவுக்குக் கடைசி வாய்த் தண்ணீர் கொடுத்தது அண்ணன்தான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று அழுதுகொண்டு நின்றேன்.

பிறகு அண்ணன் ரயில்வே கேட்டில் கொடி காட்டும் வேலைக்குப் போனார். அங்கேயாவது சும்மா இருந்தாரா? நாற்காலியில் இரண்டு மூங்கில் கழியைக் கட்டி, பழைய அணிக்காரர் நால்வரைக் கூப்பிட்டு, கிருத்திகைக்கு ஆள் ஏற்ற ஏற்பாடு செய்தார். தாம் கீழே நின்று, "வலப்பக்கம் தாழ்த்தாதடா!" என்று கத்திக்கொண்டிருப்பார். போன வருஷம் விஷ ஜுரம் பன்னிரண்டே நாளில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கத்தன்று நெசவுக்காரர் மாட்டு வண்டியில் வந்தார். தாமே நெய்த வெள்ளைத் துணியை அண்ணன் மேல் போர்த்தினார். இதையாவது யாருக்கும் எடுத்துக் கொடுக்க அண்ணனால் முடியவில்லை. போகும்போது நெசவுக்காரர் என் பக்கம் வந்து, "நீங்க கதவு திறந்ததை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அண்ணன் எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரும்மா. இதுவரைக்கும் சொல்லல" என்றார். அவர் காத்த வாக்கை இன்று நான் முறித்துவிட்டேன். இருவரும் மன்னிக்கட்டும். நைனாவும்.

ஜுரத்தில் கண் விழித்துப் பார்த்த அண்டை வீட்டாருக்கும், பெட்டியைச் சுமந்த அணிக்காரருக்கும், ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், சபையாருக்கும், வண்டி கட்டிக்கொண்டும் கோல் ஊன்றிக்கொண்டும் வந்த மலைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கமும் நன்றியும். இந்தக் கிருத்திகைக்கும் நாற்காலி எங்கள் வீட்டில் இருக்கும், வந்து கேட்கலாம்.

அண்ணன் ஓடுகளைத் திரும்ப வைத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பந்தாட்டக்காரருக்கு ஓடு வைக்க வருமா? நாங்கள் இன்னும் குடியிருக்கும் அந்த வீட்டில் ஒவ்வொரு மழைக்கும் அதே இடத்தில் ஒழுகுகிறது. ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாளில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று குண்டானை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வருகிறேன்.