மேசையைத் தூக்கி வழிவிட்டவர்கள்

என் கணவருக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்த டொக்டர் அவரை நடக்கத்தான் சொன்னார். எங்கே நடப்பது என்று சொல்லவில்லை. ஹரோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே நல்ல பார்க் ஒன்று இருக்கிறது. ஆனால் இவர் எதையும் அரைகுறையாகச் செய்யாத ஆள். கணுக்காலை மூடுகிற சப்பாத்து, இரண்டு கைக்கும் இரண்டு ஊன்றுகோல், நடைபாதைகளைக் காட்டுகிற மப் ஒன்று போனில் என்று எல்லா ஆயத்தமும் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனுக்கு வெளியே போய் நடப்பது என்று முடிவெடுத்தார். நானும் கூடப் போகவேண்டும் என்பது அந்த முடிவுக்குள்ளேயே அடக்கம்.

அந்த ஞாயிறு என் மச்சாளும் எங்களோடு வந்தார். இவருடைய அக்கா. லண்டனிலேயே எட்மண்டனில் இருக்கிறார். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார், யார் வீட்டிலிருந்தும் சொல்லிக்கொள்ளாமல் வெளிக்கிடமாட்டார். சீலைக்கு மேலே கோட்டும், காலில் என்னுடைய ஓடுகிற சப்பாத்தும் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய பெட்டி நிறையக் கட்லட்டோடு வந்து நின்றார்.

"மச்சாள், நாங்கள் ஒருத்தரின்ர வீட்டுக்கும் போகேல்லை. சும்மா நடக்கப் போறம்" என்றேன்.

"நடக்கேக்க ஆரையும் காணாமலே போவம்?" என்றார்.

மெட்ரோபொலிட்டன் ரயில் லைன் முடிகிற இடத்தில் இறங்கி ஏறிப்போனால், பச்சைத் துணியை உதறிப் போட்டதுபோல மடிப்பு மடிப்பாகக் குன்றுகள். செம்மறிகள் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வேலி மூலையிலும் மஞ்சள் அம்புக்குறி. அதைப் பார்த்துப் பார்த்து நடந்தால் ஒரு சின்னக் கிராமத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் ஸ்டேஷனுக்கே வந்துவிடலாம் என்று இவர் சொல்லியிருந்தார். அரைவாசி தூரம் அப்படித்தான் போனோம். பிறகு ஒரு மஞ்சள் அம்பு நேராக ஒரு வீட்டுப் படலையைக் காட்டியது.

படலைக்கு அப்பால் வெட்டி ஒழுங்காக்கிய புல்தரை. ஒரு பக்கம் ரோசாப் பாத்தி, மறுபக்கம் ஒரு குளம். இரண்டுக்கும் நடுவே வெள்ளைத் துணி விரித்த நீட்டு மேசை. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குள்ளால தான் பாதை போகுது" என்றார் இவர், போனைப் பார்த்தபடி.

"விசரே உங்களுக்கு? சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்குது."

"மப்பில கிடக்கு. இது பொதுப் பாதை. ஆற்ற காணிக்குள்ளால போனாலும் இந்த நாட்டில ஆரும் நடக்கலாம்."

மச்சாள் அதற்குள் படலையில் கையை வைத்து, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டுவிட்டார். தமிழில்தான். ஆனாலும் மேசைத் தலைமாட்டில் இருந்த உயரமான மெலிந்த மனிதர், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விளங்கி எழும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் பேச்சில் கோபமே இல்லை.

"தயவுசெய்து வாருங்கள். இது பொதுப் பாதை. உங்களுக்கு முழு உரிமை உண்டு. மேசை இங்கே இருந்தது என் தவறு."

ஒரு பக்கமாக நெளிந்து போகிறோம் என்று நான் சொன்னேன். பக்கத்தால் போனால் குளத்துக்குள் விழவேண்டும், அல்லது ரோசா முள்ளில் மாட்டவேண்டும். அவர் கையைக் காட்ட, விருந்தாளிகள் எழும்பி, ஆளுக்கொரு மூலையாக மேசையைத் தூக்கி, ரோசாப் பக்கமாக ஒதுக்கிப் பிடித்தார்கள். இறைச்சி, உருளைக்கிழங்கு, குழம்புச் சாடி, வைன் கிளாஸ் எல்லாம் அப்படியே மேலே எழும்பின. ஒரு மூதாட்டி மட்டும் கதிரையை விட்டு எழும்பாமல் கையில் முள்ளுக்கரண்டியோடு இருந்தார். வீட்டுக்காரரின் மாமியார் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் மூவரும் வரிசையாகப் போனோம். மச்சாள் மேசை தூக்கிக்கொண்டு நின்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கும்பிட்டு, சுகம் விசாரித்துக்கொண்டு வந்தார். வைன் கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம்போடத் தொடங்கின.

"மச்சாள், கெதியா வாங்கோ."

"மரியாதை எண்டொண்டு இருக்கு, பிள்ளை."

தோட்டத்தின் முடிவில் வேலியை ஏறிக் கடக்க மரப்படி ஒன்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம், படியிலேயே நாடியை வைத்தபடி, ஒரு காளை நின்றது. கபில நிறம். எங்கள் வீட்டுச் சோபா அளவு. காளை நிற்கிறது, கவனம் என்று ஒரு பலகையும் இருந்தது. அந்தப் பலகைக்குத் தேவையே இருக்கவில்லை.

இவர் ஊன்றுகோலை நீட்டி "போ, போ" என்றார். காளை ஊன்றுகோலின் பிடியை நக்கியது. திரும்பினோம்.

மேசையை அப்போதுதான் கீழே வைத்து, மூதாட்டிக்குக் கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டார்கள். எழும்பினார்கள். தூக்கினார்கள். நான் "சொறி, சொறி" என்று சொல்லிக்கொண்டே போனேன். படலைக்கு வெளியே வந்ததும் இவர் மப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஸ்டேஷனுக்கு வேறு வழி, நடைபாதை இல்லாத கார் ரோட்டு ஒன்றுதான். அந்த நேரம் வீட்டுக்காரரின் மனைவி ஓடிவந்து, காளை மிகவும் சாது, ஆர் வருகிறார்கள் என்று விடுப்புப் பார்க்கத்தான் வரும், பயப்படாமல் போங்கள் என்றார்.

மூன்றாம் முறையும் மேசை எழும்பியது. இந்த முறை மூதாட்டி கைதட்டினார். "இவர்களைக் கதிரையில் இருத்துங்கள், பாவம்" என்றார்.

வீட்டுக்காரர் குழம்புச் சாடி சரிகிற பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "இருக்க முடியாது, மாமி. சட்டப்படி இவர்கள் பாதையில் போகலாம், வரலாம். இருந்தால் அது வேறு விஷயம்."

"என்னவாம்?" என்று மச்சாள் கேட்டார்.

"நாங்கள் நடக்கலாமாம், இருக்கேலாதாம்."

"நல்ல சட்டம்" என்றார் மச்சாள்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. தூறல் இல்லை. வாளியால் ஊற்றுகிற மழை. தூக்கிய மேசையை அப்படியே ரோசாப் பாத்திக்கு மேலே வைத்துவிட்டு எல்லாரும் ஓடினார்கள். நாங்கள் அசையாமல் நின்றோம், நடக்கத்தானே உரிமை. கதிரையோடு தூக்கிக்கொண்டு போகப்பட்ட மூதாட்டி எங்களைத் திரும்பிப் பார்த்துச் சத்தமிட்டார்:

"உள்ளே வாருங்கள்! உண்மையான பாதை இந்தக் கண்ணாடி அறைக்குள்ளால்தான் போனது. இவனுடைய அப்பா பாதைக்கு மேலேதான் இதைக் கட்டினார்!"

வீட்டுக்காரர் மழையிலேயே நின்றுவிட்டார். "மாமி!" என்றார்.

வீட்டோடு ஒட்டியிருந்த அந்தக் கண்ணாடி அறைக்குள் நாங்கள் போய் வரிசையாக நின்றோம். நான் முன்னே, மச்சாள் நடுவே, இவர் பின்னே. பாதையில் நிற்பதுபோலவே. இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் இருக்கவில்லை. வெளியே மேசையில் இறைச்சிக்கு மேலே மழை பெய்வதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மச்சாள் கட்லட் பெட்டியைத் திறந்தார்.

முதலில் எடுத்தவர் மூதாட்டி. உறைப்பில் கண்ணீர் வழிய வழிய இன்னொன்று கேட்டார். பிறகு எல்லாரும் கையை நீட்டினார்கள். யாரோ எங்களுக்குக் கதிரை கொண்டுவந்தார்கள். சட்டத்தை ஒருவரும் நினைவுபடுத்தவில்லை. வீட்டுக்காரர் மட்டும் யன்னலோரம் போய் நின்றார். மச்சாள் பெட்டியை நீட்டியபோது, எல்லாரும் எடுக்கட்டும், பிறகு எடுக்கிறேன் என்றார்.

மழை விட்டது. காளை மட்டும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வீட்டுக்காரரும் கூட வந்தால் மட்டுமே தான் போவேன் என்று மச்சாள் சொல்லிவிட்டார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் வெளிறிப்போனார்.

"நான் இந்த வீட்டில்தான் பிறந்தேன்" என்றார் மெதுவாக. "அந்த வயலுக்குள் நான் ஒருநாளும் போனதில்லை."

"ஒருநாளும்?"

"அங்கே எப்போதும் ஏதாவதொரு காளை நிற்கும்."

ஆனால் வந்தார். மனைவி பார்த்துக்கொண்டு நின்றதால் வந்தாரோ என்னவோ. நான்கு பேரும் ஒருவர் கோட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, மரப்படியில் ஏறி இறங்கினோம். காளை விலகி வழிவிட்டு, எங்களுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் வந்தது. மச்சாள் முருகா முருகா என்றுகொண்டு வந்தார். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். பிறகு காளைக்கு எங்களில் அலுப்புத் தட்டியிருக்க வேண்டும். நின்று புல் மேயத் தொடங்கியது.

வயலின் மறுகரையில் இறங்கியதும் அந்த மனிதர் என் கணவரைக் கட்டிப்பிடித்தார். குன்றிலிருந்து தன் வீட்டின் கூரையைப் பார்த்து, "இங்கேயிருந்து பார்த்தால் இப்படியா இருக்கும்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று காளையைத் திரும்பிப் பார்த்தார். தனியாகத்தானே திரும்பிப் போகவேண்டும்.

"ஸ்டேஷன் வரைக்கும் வாங்கோவன்" என்றார் இவர் அவருடைய கையைப் பிடித்து. அது தமிழில் சொன்னது. அவர் தலையாட்டினார்.

அப்போதுதான் கவனித்தேன், மனிதர் வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். சேறு குதிக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் என் போனிலிருந்து அவருக்கு ஒரு டாக்சி கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர் தன் வீட்டு விலாசத்தை டிரைவருக்குச் சொல்லும்போது, அது வயலுக்கு அப்பால் இருக்கிற அந்த வீடுதானே, நடந்தே போகலாமே என்று டிரைவர் கேட்டது எனக்குக் கேட்டது. வேண்டாம், சுற்றிப் போங்கள் என்றார்.

ரயில் வெளிக்கிட்ட பிறகு இவர் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றியது. மச்சாள் ஈரக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு மடியிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்து, "கடவுளே" என்றார்.

"என்ன மச்சாள்?"

"அந்த மனிசன் இண்டைக்கு ஒண்டுமே சாப்பிடேல்லை."

பெட்டியில் கட்லட் ஒன்று மிச்சம் இருந்தது. இவர் கையை நீட்டினார். மச்சாள் மூடியை அமத்தி மூடிவிட்டார்.