மிஞ்சிக் கிடந்த நாலு தகரம்

செய்தி காலை ஆறரை மணிக்கு வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் தேநீர்க் கோப்பையோடு என் கணவரின் கட்டிலருகே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அடைமழைக்கும் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. "புஸ்பாட கை கைதான்" என்று அவரிடம் சொன்னேன். பாரிசவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை. கண்ணை மூடித் திறந்து ஓம் என்றார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. புஸ்பாவின் மகள் தர்ஷினி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "மாமி, அம்மா போயிட்டா" என்றாள். நெஞ்சுச் சளி என்று நாலு நாளைக்கு முன்தான் வாட்டில் சேர்த்திருந்தோம். நான் கோப்பையைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். மேலே கூரையில் மழை அதன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

அவளைப் பற்றிப் பாடசாலை மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அதிபர் கேட்டார். ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற ஆளா அவள்? 'அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம்' என்று எழுதுவதற்கு வேறு யாரையாவது பிடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். புஸ்பராணி பிடிவாதக்காரி. அவள் ஆய்வுகூட உதவியாளர், நான் காரியாலயத்தில் எழுதுவினைஞர். வவுணதீவுப் பக்கத்து இந்தச் சின்னப் பாடசாலையில் பத்தொன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். ஆடுகிற மேசை, பூட்டாத யன்னல், சொட்டுகிற குழாய் எல்லாம் அவளுடைய கைபட்டுத்தான் அடங்கின. காரியாலயச் சுவரில் ஈரம் ஊறியபோது நான் சீமெந்து பூசச் சொன்னேன். அவள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணி எதால வருதெண்டு முதல் பாருகா. மறுகா சீமெந்தக் கரைக்கலாம்." அதை அவள் சொல்லிக் கேட்காதவர் இந்த மலரைப் படிப்பவர்களில் எவரும் இருக்கமாட்டார்.

அவள் பூச்சுக் கரண்டி பிடித்ததற்குக் காரணம் ஒரு மேசன். கணவர் இறந்த வருடம் குளியலறைக் குழாய் வெடித்துச் சுவர் ஊதிப்போனது. மேசன் "நாளைக்கு வாறன் அக்கா" என்று இரண்டு மாதம் சொன்னார். சின்ன வேலைக்கு எங்கள் ஊரில் மேசன் வருவதில்லை. ஒரு சனிக்கிழமை அவள் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே சுவரைக் கொத்திப் பூசிவிட்டாள். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் படம் காட்டினாள். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால் பூச்சு முழுவதும் பாய் மாதிரி நிலத்தில் கிடந்ததாம். "சுவருக்குத் தண்ணி காட்டாமப் பூசிட்டன்" என்று மறுநாள் அவளே வந்து சொன்னாள். நாங்கள் சிரித்த சிரிப்புக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சுவரை அவள் மூன்று தரம் பூசினாள். அது இன்றைக்கும் நிற்கிறது.

ஏறாவூரில் அவள் வழக்கமாகச் சாமான் வாங்கும் ஹாட்வெயார் கடைக்கு முதல்முறை போனபோது நானும் கூடப் போயிருந்தேன். எல்லோரும் நானா என்று கூப்பிடும் கடைக்கார அண்ணர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "மேசன அனுப்புங்க டீச்சர். என்ன சாமான் எண்டு அவனுக்குத்தான் விளங்கும்" என்றார். புஸ்பா கைப்பையைத் திறந்து, லேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்த உடைந்த குழாய்த் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். "மேசன் நான்தான் நானா. இதுக்குச் சோடி தாங்க." அவர் அந்தத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழும்பித் தன் கதிரையை அவளுக்குக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. தாய் தனக்கு வந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒதுங்குவாள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். தர்ஷினி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கிற கட்டத்தில் இருந்தாள். வைகாசியில் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். புஸ்பா முன்வீட்டுக் கூரையைத் திருத்தினாள், சுவர்களைப் பூசினாள். வளவின் பின்பக்கம் தனக்கென்று கல்லடுக்கி, மேலே தகரம் போட்டு ஓர் அறை எழுப்பினாள். சனிக்கிழமைகளில் ஏணி பிடிப்பது என் வேலை. "அது இனி அவள்ற வீடு. நான் வந்துபோற ஆள்" என்பாள்.

எஞ்சியது முன்வீட்டுத் தரை. ஒவ்வொரு மாரியிலும் வாவி பெருகினால் அந்த வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் பழைய தரையை முழுவதும் உடைத்து, கல்லும் மண்ணும் நிரப்பி உயர்த்தத் தொடங்கினாள். மழை விட்ட பிறகு செய் என்றேன். கேட்கவில்லை. "ஒரு வீட்ட அரகுறையாக் குடுக்க ஏலாது" என்றாள். "உனக்கு விசர்" என்று நான் கத்திவிட்டேன். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு சுருள் வறுத்த கச்சானைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரிப் போனாள். முன்வீட்டில் கால் வைக்க இடமில்லாததால் அவள் பின்னறையில் படுத்தாள். தர்ஷினியிடம் "தரை காயட்டும், மறுகா வா" என்று சொல்லி விடுதியிலேயே நிற்கவைத்தாள்.

ஐப்பசியில் அடித்த காற்றை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அது என் வீட்டில் சரியாக என் கணவரின் கட்டிலுக்கு மேலிருந்த தகரங்களைக் கழற்றிக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் இருப்பது ஓர் அறையும் குசினியும்தான். மாற்றிப் படுக்கவைக்க வேறு இடமில்லை. ஒரு கையால் அவருக்கு மேலே குடையையும் மறுகையால் தொலைபேசியையும் பிடித்துக்கொண்டு நான் கடைகளைக் கேட்டேன். காற்றடித்த மறுநாள் தகரம் எங்கே கிடைக்கும்? ஏறாவூர் நானா, லொறி எப்போது வருமென்று தனக்கே தெரியாது என்றார். கடைசியில் புஸ்பாவிடம் அழுதேன். "பொறுகா, வாறன்" என்றாள்.

மத்தியானம் ஓட்டோவின் மேல் நாலு தகரத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"எங்காலகா?"

"வீட்ட மிஞ்சிக் கிடந்த."

நாலிலும் வரிசையாக ஆணித் துளைகள் இருந்தன. சோடாப் போத்தல் மூடியை வைத்து வட்டம் கீறி, பழைய சைக்கிள் ரியூப்பில் வில்லை வெட்டி, தார் பூசி ஒவ்வொரு துளையாக ஒட்டினாள். ஒரு தகரத்தின் மூலை கிழிந்திருந்தது. "அதச் சுவர்ப் பக்கம் போடுவம்" என்றாள்.

"மிஞ்சின தகரத்தில எப்பிடியடி இவ்வளவு துளை?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"பழசுகா. கதைக்காம ஏணியப் பிடி."

நான் ஏணியைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு மழை விடவேயில்லை. புஸ்பா இருமத் தொடங்கினாள். "தடிமன்தான்" என்றாள். கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னேன், அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். தரைவேலைக்கு உதவப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "பின்னால போகாத, சேறு, சறுக்கும்" என்பாள். நானும் போகவில்லை. கடைசி வாளிச் சீமெந்தையும் பூசி மட்டம் பார்த்த அன்றைக்கு அவளால் நிற்க முடியவில்லை. ஓட்டோவில் ஏற்றிப் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு பக்க நெஞ்சிலும் சளி கட்டியிருக்கிறது, ஏன் இவ்வளவு நாள் பிந்தினீர்கள் என்று டொக்டர் கேட்டார். இறப்பதற்கு முந்தின பின்னேரம் நான் அருகில் இருந்தேன். மூச்சு வாங்க வாங்க ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒழுகுதாகா?"

"இல்ல. ஒரு சொட்டும் இல்ல."

"அப்ப சரி" என்றாள்.

பிரேதத்தை முன்வீட்டுக் கூடத்தில் கிடத்தினோம். அவள் பூசிய தரையில் அதுவரை யாரும் கால் வைத்திருக்கவில்லை. முதலில் படுத்தது அவள்தான். ஏறாவூர் நானாவும் வந்தார். படலைக்குள் நின்று என்னைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "புஸ்பா டீச்சர் நாலு தகரம் சொல்லி வெச்சிருந்தா. தன்ட றூமுக்கு எண்டு. லொறி நேத்துத்தான் வந்த." எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மழை திரும்பத் தொடங்கியது. முற்றத்தில் நின்றவர்களுக்குப் பந்தல் போதவில்லை. "அம்மாட அறையில தறப்பாள் இருக்கும் மாமி" என்றாள் தர்ஷினி. எடுத்துவரப் பின்னால் போனேன்.

தறப்பாள் இருந்தது. அதுதான் கூரை. பாதி அறைக்கு மேல் தகரம் இல்லை. வெறும் மரச்சட்டங்களின் மேல் கிழிசல் தறப்பாள் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தாள். கட்டிலின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வாளிகள், சட்டிகள் நிரம்பி வழிந்தன. மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். பிழிந்தால் தண்ணீர் வரும். சட்டங்களில் ஆணி பிடுங்கிய துளைகள் வரிசையாக இருந்தன. ஓர் ஆணி மட்டும் வரமறுத்து அப்படியே நின்றது. அதன் கீழே கிழிந்த தகரத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. அது எந்த மூலையிலிருந்து கிழிந்தது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் என் வீட்டுச் சுவரோரம் நான் பார்க்கிற மூலைதான் அது.

நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னை யாரடி கேட்டது என்று அவளைத் திட்டினேன். நான்தான் கேட்டேன். அழுதழுது கேட்டேன். எதால தண்ணி வருதெண்டு முதல் பார் என்று பத்தொன்பது வருடம் என் காதில் ஓதினாளே, அவளுடைய நெஞ்சில் சளி எதால் வருகிறது என்று நான் ஒரு நாள் பார்த்தேனா? என் கணவர் நனையாமல் கிடந்த ஒவ்வொரு நாளும் அவள் நனைந்து கிடந்தாள். எழுதாமல் விடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அவளைப் பற்றி எழுதிவிட்டு இதை ஒளித்தால், இந்த மலரை என் கையால் தொடமுடியாது. அன்று முற்றத்துக்குப் போய்த் தறப்பாள் இல்லை என்று பொய் சொன்னேன்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் தர்ஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கலியாணம் ஒரு வருடம் தள்ளிப் போயிருந்தது. பிள்ளை தனியாக அந்த வீட்டில் இருந்தாள். "நானாட்டப் புதுத் தகரம் எடுத்து என்ட வீட்டுக்குப் போடுறன். அம்மாட தகரத்தக் கழட்டித் தாறன்" என்றேன். அவள் என் பின்னால் வந்தாள். என் வீட்டில் கட்டிலருகே நின்று அண்ணாந்து பார்த்தாள். ரியூப் வில்லைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கிழிந்த மூலையில் கை வைத்தாள். கட்டிலில் என் கணவர் அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் சொன்னேன்.

"அம்மா அடிச்ச ஆணியப் புடுங்காதீங்க மாமி" என்றாள். "புதுசக் கொண்டுபோய் அம்மாட அறைக்கே போடுவம்." பிறகு கேட்டாள்: "மழ பெய்யிற நாளில நான் இஞ்ச வந்து படுக்கட்டா?"

புதுத் தகரங்களை நான் ஏறி அடித்தேன். தர்ஷினி ஏணியைப் பிடித்தாள். என் வாழ்க்கையில் நான் ஏணியின் மேல் நின்றது அன்றைக்குத்தான். அடுத்த மழைக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு இடத்தில் ஒழுகியது. மறுபடி ஏறினேன். இப்போது ஓர் இடத்தில் ஒழுகுகிறது. அதையும் கண்டுபிடிப்பேன்.

புஸ்பாவிடமிருந்து என்னிடம் இருப்பது, அந்த ஆணிக்குக் கீழிருந்து நான் நெம்பி எடுத்த தகரத் துண்டு. கைப்பையில், அவள் குழாய்த் துண்டைச் சுற்றியது போல, லேஞ்சியில் சுற்றி வைத்திருக்கிறேன். இதை எழுதுகிற இந்தப் பின்னேரமும் மழைதான். தர்ஷினி என் கணவரின் கட்டிலோடு ஒட்டித் தரையில் பாய் போட்டு அயர்ந்து தூங்குகிறாள். அவளுடைய முகத்துக்கு நேர் மேலே அம்மா ஒட்டிய வில்லைகள் இருக்கின்றன. அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.