கல்யாணம் வரைக்கும் அனுமதி

குரோம்பேட்டையில் தோல் பைகள் ஏற்றுமதி செய்யும் அலுவலகம், தொண்ணூறுகளின் பின்பாதி. மின்சார ரயில் கடக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் ஒரு மெல்லிய நடுக்கம் ஓடும். ஓரிடத்தில் உட்கார முடியாத எனக்கு அது பிடிக்கும், திரையாவது அசைகிறதே.

அன்று நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஹெட் ஆபீஸிலிருந்து வந்த இளைஞர், வைரஸ் பயத்தில், என் மெஷினிலிருந்த ப்ரோக்ராம்களையெல்லாம் அழித்து வைத்திருந்தார். இனி ஹெட் ஆபீஸ் பட்டியலில் உள்ளவை மட்டும்தான் ஓடும்: கணக்கு, ஆங்கிலக் கடிதம், கால்குலேட்டர். தமிழ் ப்ரோக்ராம் போயே போய்விட்டது. கணக்குப் பிரிவு அக்காவின் மகளுடைய நிக்காஹ் பத்திரிகையை அதில்தான் அடித்து வைத்திருந்தேன். மாலைக்குள் தாம்பரம் அச்சகத்தில் தாளைக் கொடுக்காவிட்டால் அவர்கள் வேறு வேலையை எடுத்துக்கொள்வார்கள். உறவுக்காரர்களை அழைக்க அப்புறம் நாள் இருக்காது.

ஃபைலைத் திறந்தேன். ஃபான்ட் இல்லாததால் கொம்பும் கொக்கியும் கேள்விக்குறியுமாக ஏதோ நெளிந்தது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"இதை அச்சடிச்சா மாப்பிள்ளை வூட்டுல சூனியம்னுடுவாங்க."

"லிஸ்ட்ல இல்லக்கா. ஹெட் ஆபீஸ் சொன்னாதான் சேர்க்க முடியும்" என்றார் இளைஞர்.

"அப்போ கேளுப்பா. போன் சும்மாதானே கிடக்குது."

அவர் போனை எடுத்ததும், தொழிலாளர்களுக்கு அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று சொல்லுங்கள் என நான் காதைக் கடித்தேன். அதிகாரியின் குரல் எங்கள் வரைக்கும் கேட்டது.

"எதுக்கு அந்த ப்ரோக்ராம்?"

"கல்யாணப் பத்திரிகைக்கு சார்" என்றுவிட்டார் அந்த உத்தமர்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"கல்யாணம் வரைக்கும் சேர்த்துவிடு. முடிஞ்ச மறுநாள் எடுத்துடணும்."

இளைஞர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பாஸ்வேர்டு போடணும், கொஞ்சம் திரும்பிக்கங்க."

நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம்.

"இன்னாப்பா, துணி மாத்துறியா?" என்றார் அக்கா. சிரிப்பில் இளைஞர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மேஜை இழுப்பறையிலிருந்த தமிழ் ப்ரோக்ராம் ஃபிளாப்பிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஃபைலை மறுபடி திறந்தபோது, பனி விலகித் தெரு தெரிவதுபோல எழுத்துகள் துலங்கின. மகளின் பெயரை அக்கா சத்தமாகப் படித்தார், உடனே, "மாப்பிள்ளை படிப்பைப் போடலையே!" என்று பதறினார். போட்டேன். பிரிண்டர் முனகி முனகித் தாளைத் தள்ளியது.

தாளோடு ரயிலுக்கு ஓடிய அக்கா வாசலில் நின்று இளைஞர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உனக்குத்தான் முதல் அழைப்பு. கல்யாணத்துக்கு மறுநாள் இதை எடுக்க வர்றது உன் வேலை. அதுக்கு முந்தின நாள் சாப்பிட வந்துடு."