கம்பவுண்டர் வண்டிக்குப் போட்ட மூடி

சைலன்சர் மாட்டுகிறவனிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சத்தம் பத்தாது, மீதிப் பேருக்குச் சத்தம் தாங்காது. நடுவில் கையைச் சுட்டுக்கொள்கிறவன் நான். பழைய மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டிய புண்ணியவான்களுக்கு என் கஷ்டம் புரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் கவரைப்பேட்டை ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தேன். பட்டாளத்தார் ஏலம் விட்ட யுத்த காலத்து வண்டிகள்தான் அதிகம் வரும். அவற்றுக்கு அசல் சைலன்சர் எங்கே தேடினாலும் கிடைக்காது. வேறு வண்டியின் சைலன்சரை எடுத்து, குழாய்க்குள் மணலை இறுக்கி அடைத்து, பழுக்கச் சூடாக்கி, வளைத்து மாட்ட வேண்டும்.

சோழவரம் ஜுரம்

சோழவரத்தில் ரேஸ் நெருங்கினால் மெட்ராஸ் காலேஜ் பையன்களுக்கு ஒரு ஜுரம் வந்துவிடும். நன்றாக இருக்கிற சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டச் சொல்வார்கள். அப்படி வந்த ஒருவன், கிளப்பிப் பார்த்து ஊரே அதிர்ந்ததும் குதித்தான். கழற்றிய சைலன்சரை என் தலையிலேயே கட்டிவிட்டான். "ரேஸ்ல ஓடப்போறியா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே, வேடிக்கை பாக்கத்தான் போறேன். ஆனா கேட்டுல நுழையறப்ப எல்லாரும் திரும்பணும்!"

துடிப்பது எது?

கம்பவுண்டர் வரதன் திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம். தீர்த்தம் கொடுக்க வேண்டிய கையால் மருந்துத் தண்ணி கொடுக்கிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எங்கள் ஊர் டாக்டரிடம் வேலை. காலையில் ஆஸ்பத்திரி, கூட்டம் குறைந்ததும் கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவார். அவருடைய பட்டாள வண்டியின் சைலன்சர் துருவேறிப் பொத்தலாகி, மூன்று வயல் தாண்டியும் கேட்கும். ஒருநாள் பரிதாபமாக வந்து நின்றார்.

"டாக்டர் பேஷண்ட் நெஞ்சுல குழாயை வச்சுக் கேக்கறச்சே நான் வந்து எறங்கறேன். 'துடிக்கிறது இவன் நெஞ்சா, உன் வண்டியா'ன்னு கத்தறார். எப்படியாவது இதோட வாயை அடைச்சுடுப்பா."

பம்ப்செட் கொட்டகை

காலேஜ் பையன் விட்டுப்போன சைலன்சரை அதற்கு மாட்டினேன். வண்டி பூனை மாதிரி போயிற்று. எனக்கு ஒரே பெருமை. நாலு நாள்தான். முழங்கால்வரை சேறோடு ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். பெயர் சம்பூர்ணம், ஏரிக்கரைப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்து மருமகள். "கம்பவுண்டர் வண்டி வாய அடைச்சது நீதானாணா?" என்றாள். ஆமாம் என்று பல்லைக் காட்டினேன். அவள் அழுதுவிட்டாள்.

அவளுக்கு டி.பி. மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால் தாய்வீட்டுக்கு விரட்டிவிடுவார்கள், பிள்ளையைக்கூடக் கண்ணில் காட்டமாட்டார்கள் என்று பயம். அதனால் வயலில் நிற்கிறவள், வண்டிச் சத்தம் கேட்டதும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ரோட்டோரப் பம்ப்செட் கொட்டகைக்கு வந்து ஊசி போட்டுக்கொள்வாள். சத்தம் போனதும் அவர் வருவது அவளுக்குத் தெரியவில்லை. அவரும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல், காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். ஊசி விட்டுப்போனால் நோய் திரும்பிவிடும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருக்கிறார். "ஹாரன் அடிக்கச் சொல்லட்டுமாம்மா?" என்றேன்.

"இன்னாணா நீ? ஆரன் அடிச்சா ஊரே திரும்பிப் பாக்கும். அந்த வண்டி தெனம் கத்திகினு போவுது, எவன் திரும்பறான்?"

இரண்டு வாய்

அன்றே கம்பவுண்டரைப் பிடித்து உட்காரவைத்தேன். சைலன்சருக்கு முன்னால் குழாயில் ஒரு ஓட்டை போட்டு, அதற்கு ஸ்பிரிங் வைத்த மூடி ஒன்று மாட்டினேன். மூடியிலிருந்து ஒரு கம்பியைக் கால் பக்கம் இழுத்துவிட்டேன். மிதித்தால் மூடி திறந்து பழைய சத்தம் அப்படியே வரும். காலை எடுத்தால் அடங்கிவிடும். ஏரிக்கரை வரைக்கும் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். மிதித்தார். தூரத்தில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி கொட்டகைக்கு நடந்தாள். வேறு ஒருவரும் திரும்பவில்லை. கம்பவுண்டருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் கிண்டல் போகவில்லை.

"ஆஸ்பத்திரியில மௌன விரதம், ஏரிக்கரையில பஜனை. நன்னாயிருக்குடா உன் வண்டி!"

ஊசி முடிந்த பிறகு

அடுத்த வருஷம் அவளுக்கு ஊசி போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பவுண்டரும் அந்தப் பக்கம் மூடியை மிதிக்காமல் போக ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் சம்பூர்ணம் மடி நிறைய வேர்க்கடலையோடு பட்டறைக்கு வந்தாள். கன்னம் பூரித்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பழையபடி மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டுமாம். "உனக்குத்தான் நல்லாயிடுச்சேம்மா?" என்றேன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எனுக்கு இல்லணா, எங்க மாமியாருக்கு. இருமிகினே கீது, யாருக்கும் தெரியக் கூடாதாம். 'உனுக்கு ஊசி போட வருமே ஒரு வண்டி, அத்தக் காணமேடீ'ன்னு எங்கிட்டயே கேக்குது. அப்போலேந்தே எல்லாம் தெரியுமாம்ணா அதுக்கு!"

அந்த மாமியார் தன் வாய்க்குப் போட்டுவைத்திருந்த மாதிரி கச்சிதமான ஒரு மூடி, இத்தனை வருஷம் சைலன்சர் மாட்டியும் எனக்குச் செய்ய வரவில்லை.