பதினான்காவது குழியில் விட்டுவந்த பந்து

1. காணாமல் போன இருவர்

சீசனின் கடைசிப் போட்டி, கடைசி நாள். மலேசியாவில் கடலை ஒட்டிய ஒரு மைதானம். பதினான்காவது குழிக்கு முதல் அடியான டீ ஷாட்டை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது உம்மாவைக் காணவில்லை.

கோல்ஃப் பார்க்க வருபவர்கள், ஆடும் புல்வெளியான ஃபேர்வேயின் ஓரமாகக் கட்டியிருக்கும் கயிற்றுக்கு வெளியேதான் நடக்க வேண்டும். உம்மா எல்லாப் போட்டியிலும் பச்சைக் குடையைப் பிடித்துக்கொண்டு பதினெட்டுக் குழியும் என்னோடு நடப்பார். பந்து எங்கே விழுந்தது என்று பார்த்த கையோடு குடை எங்கே என்றும் பார்ப்பது என் பழக்கம். அன்று குடை இல்லை. முதலாவது குழியிலிருந்து எதிர்க் கயிற்றோரமாக வந்துகொண்டிருந்த நீலத் தொப்பிக்காரனும் இல்லை.

ஒருவர் மட்டும் இல்லாமல் இருந்தால் நான் அடுத்த அடியை அடித்திருப்பேன்.

2. ஊராள்

கிழக்கிலங்கையில் எங்கள் சாய்ந்தமருதில் கோல்ஃப் மைதானம் கிடையாது. பொத்துவில் வரைக்கும் போனாலும் கிடையாது. வாப்பா வளைகுடாவில் ஒரு கோல்ஃப் கிளப்பின் புல் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தார். சுனாமியில் வீடு போன பிறகு எங்களையும் அங்கே எடுத்துக்கொண்டார். உறுப்பினர்கள் வராத வெயில் நேரத்தில் நான் அடித்துப் பழகினேன். பிறகு புரோ, அதாவது தொழில்முறை ஆட்டக்காரி ஆனேன். பை சுமக்கும் கேடியை அந்தந்த மைதானத்திலேயே தருவார்கள். கூட வருவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று உம்மா வந்தார், ஒரு ரைஸ் குக்கரோடு.

அந்த நீலத் தொப்பிக்காரனை முதலில் சந்தித்தது அந்த சீசனின் தொடக்கத்தில், வெளிநாட்டுப் போட்டியொன்றில். ரவுண்ட் முடிந்து வரும்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவன் நம் பேச்சில் கூப்பிட்டான்.

“தங்கச்சி, நானும் கல்முனைப் பக்கம்தான். இஞ்ச வேல செய்யிறன்.”

வாரக்கணக்கில் நம் தமிழைக் கேட்காத காதுக்கு அது எப்படி இருக்கும் என்பது வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். உம்மாவைச் சாச்சி, அதாவது சித்தி என்றான். உம்மா அவனை ஹோட்டலுக்குக் கூட்டிவந்து, கீழே லொபியில் உட்காரவைத்துச் சோறும் மீனாணமும் கொடுத்தார். மூவரும் நின்று ஒரு படம் எடுத்தோம். அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவனுக்கும் ஊரில் உம்மா, சகோதரிகள் இருக்கிறார்கள்.

இரண்டு மாதத்தில் தாய்லாந்துப் போட்டிக்கும் வந்து நின்றான். லீவு எடுத்து வந்ததாகச் சொன்னான். அந்த முறை உம்மாவை மாமி என்று கூப்பிட்டான். என்னைத் தங்கச்சி என்று சொல்லவில்லை. சாச்சி எப்படி மாமியானாள் என்று யோசித்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும். நான் விளங்காத மாதிரி இருந்தேன். அன்றிலிருந்து போனில் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. ஆடும்போது சட்டைக் கையை மடிக்காதே, கேடியோடு சிரிக்காதே, என்ன சாப்பிட்டாய். தடுத்தால் வேறு நம்பரிலிருந்து வரும். உம்மா பயப்படுவார் என்று நான் சொல்லவில்லை.

உம்மாவிடமும் ஒன்று இருந்திருக்கிறது. என் மூத்த சகோதரி, ராத்தா, ஊரிலிருந்து அழைத்து, எனக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டதாக யாரோ கதை பரப்புகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். என் ஆட்டம் குழம்பிவிடும் என்று உம்மா அதை எனக்குச் சொல்லவில்லை.

கடைசிப் போட்டியின் மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் போனால், அவன் எங்கள் ஹோட்டலிலேயே அறை எடுத்து, எங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அன்று ரவுண்ட் முடிந்து அறைக்கு வந்ததும் உம்மா கதவைப் பூட்டினார்.

“மகள், எனக்கு இந்த விளையாட்டு விளங்காது. ஆனா பாக்க வாற சனம் பந்தப் பாக்கும். இவன் பந்தப் பாக்கிறான் இல்ல. நீ அடிச்சதுக்குப் பொறகும் உன்னையேதான் பாத்துக்கு நிக்கிறான்.”

அப்போதுதான் இருவரும் மறைத்து வைத்திருந்ததை எடுத்துப் போட்டோம். போட்டி அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் ஆள் நம் ஊரான். பொலிஸ், விசாரணை என்று போனால் ஊரில் கதை எப்படித் திரும்பும் என்ற பயம் இருந்தது. அதோடு என் கார்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கார்டு என்றால் அடுத்த சீசனிலும் டூரில், அதாவது இந்தத் தொடர் போட்டிகளில், ஆடுவதற்கான உரிமை. ஒரு சுமாரான ரவுண்ட் ஆடினால் அது என் கையில். நாளைக்கு ஆட்டம் முடியட்டும், பிறகு சொல்லுவோம் என்று நான் சொன்னேன். உம்மாவும் ஓம் என்றார்.

3. ரெஃபரியின் வண்டி

பதினான்காவது ஃபேர்வேயில் என் பந்து நல்ல இடத்தில் கிடந்தது. அதுவரை ஒரு ஷாட்கூட இழக்கவில்லை. கேடி தூரத்தைச் சொல்லி மட்டையை நீட்டினான். நான் வாங்கவில்லை. உம்மாவின் போனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான்.

கையைத் தூக்கி ரெஃபரியைக் கூப்பிட்டேன். நடுத்தர வயதுப் பெண், நிதானமானவர். நடந்ததை நான் சொன்ன ஆங்கிலம் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, முகம் மாறிவிட்டது. வாக்கி டோக்கியில் பாதுகாப்புப் பிரிவைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம் விதியைச் சொன்னார். ஆள் அனுப்பியாயிற்று, நீ ஆட்டத்தைத் தொடரலாம். மைதானத்தை விட்டுப் போனால் இந்த ரவுண்ட் உனக்கு இல்லை. போவதா இல்லையா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

பின்னால் அடுத்த குழு முதல் அடி அடிக்கும் டீ மேடையில் காத்துக்கொண்டு நின்றது. என்னோடு ஆடிய நோக் என்ற தாய்லாந்துப் பெண் பக்கத்தில் வந்து, என் கையுறையைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். போ என்று ஒரு சொல் சொன்னாள். அவளுக்கும் கார்டுப் பிரச்சினை இருந்தது. அவள் ஒரு நிமிடத்தையும் வீணாக்க விரும்பாத நிலையில்தான் இருந்தாள்.

நான் ரெஃபரியின் வண்டியில் ஏறி ஹோட்டலுக்குப் போகச் சொன்னேன், அவன் அறையும் அங்கேதான் இருந்தது. பந்து அங்கேயே கிடந்தது.

அந்த வண்டி வேகமாகப் போகாது. புல்லில் உருண்டு, பாலத்தில் ஏறி, பங்கர் என்கிற மணல் பள்ளத்தைச் சுற்றி அது போன நேரத்தில் என் மனதில் என்னென்ன வந்தது என்று எழுத எனக்கு இன்றைக்கும் விருப்பமில்லை. ஹோட்டல் மைதானத்தின் எல்லையிலேயே இருந்தது. கண்ணாடிக் கதவு திறந்ததும் பச்சைக் குடை நிலத்தில் கிடந்ததைக் கண்டேன்.

உம்மா வரவேற்பு மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, அவனுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார். மேசைக்குப் பின்னால் நின்ற இளைஞனின் கையில் எங்கள் அறையின் சாவி அட்டை இருந்தது.

நடந்தது இதுதான். பதின்மூன்றாவது குழியில் அவன் கயிற்றை விட்டு ஹோட்டல் பாதையில் திரும்பியதை உம்மா கண்டிருக்கிறார். பின்னாலேயே போயிருக்கிறார். அவன் மேசைக்குப் போய், தான் என் கணவன் என்றும், மனைவி ஆடிக்கொண்டிருப்பதால் சாவி தன்னிடம் இல்லை என்றும் சொல்லி, மூவரும் எடுத்த அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறான். அட்டை தயாராகிவிட்டது. உம்மாவுக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது நோ என்ற ஒரு சொல். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். போன் கைப்பையில் அடித்ததை அவர் கேட்கவே இல்லை. மேசைக்காரன் இதை ஒரு குடும்பச் சண்டை என்று நினைத்துக் குழம்பி நின்றான்.

நான் உள்ளே போகும்போது அவன் சிரித்த முகத்தோடு கதைத்துக்கொண்டிருந்தான்.

“மாமி, சும்மா பெரிசாக்காதீங்க. ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே.”

“ஊருக்கு நான் சொல்லிக்குவன்” என்றார் உம்மா. கை மேசையை விடவில்லை. “நீ இஞ்ச இருந்து போ.”

நான் மேசைக்காரனிடம், இது என் அறை, இவர் என் தாய், இந்த ஆளுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொன்னேன். ரெஃபரி அதையே இன்னொரு முறை உரக்கச் சொன்னார். அவன் என்னைப் பார்த்து, நீ ஆட்டத்தை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்டான். அந்தக் கேள்வியில் உண்மையான கவலை இருந்தது. எனக்கு உண்மையில் பயம் வந்தது அப்போதுதான். பாதுகாப்பு ஆட்கள் வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். அறையில் பூ வைக்கத்தான் போனேன் என்று பொலிஸில் சொன்னானாம். அவனிடம் பூ எதுவும் இருக்கவில்லை.

4. ஊருக்குச் சொன்னது

போட்டிக் குழு என் காரணத்தை ஏற்றுக்கொண்டது. தண்டனை இல்லை. ஆனால் முடிக்காத ரவுண்டுக்கு ஸ்கோர் இல்லை, கார்டும் போய்விட்டது. நோக் கடைசி நான்கு குழியையும் நன்றாக ஆடி அவளுடையதைக் காப்பாற்றிக்கொண்டாள்.

அறைக்கு வந்ததும் உம்மா என்னை ஏசினார். எனக்கு அது எதிர்பாராதது.

“நீ ஏன் ஆட்டத்த உட்டுட்டு வந்த? நான் அங்க நிண்டன்தானே.”

உங்களைக் காணவில்லை உம்மா என்று மட்டும் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து இருவரும் அழுதோம். அழுது முடிந்ததும் உம்மா அரிசியைக் கழுவி குக்கரில் போட்டார்.

ஊருக்கு வந்த மறுநாளே தெரிந்தவர்கள் கல்யாணக் கதை கேட்டு வந்தார்கள். வாப்பா அப்போது வேலையை விட்டு ஊரோடு வந்திருந்தார். இதைப் பெரிதாகக் கதைக்க வேண்டாம், தானாக அடங்கிவிடும் என்றார். உம்மா கேட்கவில்லை. வந்த ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, சோறு போட்டதிலிருந்து சாவி அட்டை வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார். கேட்டவர்களில் ஒருத்தி எழுந்து போகும்போது வாசலில் நின்று, தன் மகளையும் பல்கலைக்கழக கம்பஸில் ஒருவன் இப்படித்தான் பின்தொடர்கிறான், யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றாள். உம்மா அவளைத் திரும்பவும் உள்ளே கூட்டிவந்தார்.

தகுதிப் போட்டியில் ஆடி ஒரு வருடம் கழித்துக் கார்டை மீண்டும் எடுத்தேன். மணிக்கட்டு விடும்வரை ஆடினேன். அந்த டூரில் ஆட்டக்காரர்களின் அறைச் சாவியைப் பெயர் சொல்லிக் கேட்டாலும் இப்போது கொடுக்க மாட்டார்கள். அது எங்களால் வந்தது என்று ரெஃபரி ஒருமுறை சொன்னார்.

கல்முனையில் சில பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு இப்போது விளையாட்டுப் பயிற்சி கொடுக்கிறேன். ஓட்டம், எறிதல் என்று கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகத் தொடங்கியிருக்கும் பெண்பிள்ளைகள் அவர்கள். நான் அவர்களிடம் சொல்வது இவ்வளவுதான். மனதில் உறுத்தினால் அன்றைக்கே சொல்லுங்கள், ஆட்டம் முடியட்டும் என்று வைத்திருக்காதீர்கள். நீங்கள் நினைத்தது பிழையென்றால் ஒரு வெட்கம் மிஞ்சும். அந்த வெட்கம் ஒரு வாரத்தில் போய்விடும்.